பட்டர்வொர்த் எஸ்/ஓ யார்?

ஜெயரத்தினம் அங்கிள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அவருடைய தபால் பெட்டியைப் பார்த்துத்தான்.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நூற்றுக்கும் மேல் தபால் பெட்டிகள். யாரும் பெயர் ஒட்டுவதில்லை, வீட்டு எண் போதும். அவர் மட்டும், எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே, அச்செழுத்தில் ஒட்டிவைத்தார்: ஜெயரத்தினம் பட்டர்வொர்த்.

ஆள் என் அப்பா மருதப்பனைப் போலவே நல்ல கறுப்பு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர் என்று அம்மா விசாரித்துச் சொன்னாள். அதெல்லாம் சரி. பட்டர்வொர்த் எப்படி வந்தது? எனக்குத் தெரிந்து பட்டர்வொர்த் என்றால் பினாங்குக்குப் போகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்குகிற ஊர். ஒரு மனிதர் ஏன் ரயில் நிலையத்தின் பெயரை வைத்துக்கொண்டு அலைய வேண்டும்? ஏதோ இருக்கிறது என்று பட்டது.

எனக்கு அப்போது பதினேழு. ஐ.டி.இ. என்கிற தொழிற்கல்லூரியில் ஒரு வருஷம் படித்தேன். பிறகு நானும் ஐ.டி.இ.யும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். கையில் நேரம் நிறைய இருந்தது. அவர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: ‘அடுத்த நிலையம் ஈப்போ’.

அவர் அதைக் கிழிக்கவில்லை. ஒரு மாதம் அப்படியே விட்டுவைத்தார். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

எங்கள் வீட்டில் ஒரு பிரின்டர் இருந்தது. நான் பழைய பரீட்சைத் தாள்களை அச்சடித்துப் படிப்பேன் என்று நம்பி அம்மா வாங்கியது. ஒரு சனிக்கிழமை காலை அங்கிள் ஒரு கையில் பென்டிரைவும் மறு கையில் கறிபஃப் பொட்டலமுமாக வாசலில் நின்றார்.

“சிவானி, மூணே மூணு பக்கம் லா. என் வீட்டுல மெஷின் இல்ல.”

வெளியே வந்த தாளில் கோழி கிளறிய மண் மாதிரி ஒரு கையெழுத்து. அது ஆங்கிலம்தான் என்று அவர் சத்தியம் செய்தார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்றில் இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்காம். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன தொழில், எங்கே பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தார்கள்.

“அங்கிள், இந்த வீட்டுல எல்லாருக்கும் ‘டூ’ன்னு பேரா? டூ, டூ, டூன்னு கீழ வரைக்கும் போகுது.”

“பேரு இல்ல, டிட்டோ. மேல இருக்கறதேதான்னு அர்த்தம். எழுதறவனுக்குக் கை வலிச்சிருக்கும்.”

“பரவால்ல, நம்ம ஆளுதான்.”

அவர் சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் சின்னதாக மூன்று எழுத்து எழுதினார்: எஸ்.டி.சி. எல்லாத் தாளிலும் எழுதினார். என்ன என்று கேட்டேன்.

சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் அவருக்கு முப்பத்தொரு வருஷ வேலை. உலகம் பூராவும் இருந்து வருகிற சரக்குச் சீட்டுகளைப் படிப்பது. எந்தக் கிறுக்கலையும் அவரால் படிக்க முடிந்தது அதனால்தான். பெட்டிக்குள் இன்னது இருக்கிறது என்று அனுப்பியவர் சொல்கிறார், நாங்கள் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு அங்கே ‘செட் டு கன்டெய்ன்’ என்று போடுவார்களாம். சுருக்கமாக எஸ்.டி.சி.

“திறந்து பாக்காத வரைக்கும் எல்லாமே எஸ்.டி.சி.தான்” என்றார். “‘பழம்’னு எழுதியிருப்பான். உள்ள பாம்பு இருக்கும். நான் பாத்திருக்கேன்.”

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கணக்கெடுப்பு. எல்லாவற்றிலும் பட்டர்வொர்த்துகள். ரோச்டேல் என்ற பஞ்சாலை ஊரைச் சுற்றி அவர்கள் ஈசல் மாதிரி இருந்திருக்கிறார்கள். அங்கிள் தேடியது ஒரே ஓர் ஆளை, சாமுவேல் பட்டர்வொர்த் என்பவரை. எங்கள் வீட்டில் இதற்கு மூன்று விளக்கம் இருந்தது. அம்மாவுடையது: பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அப்பாவுடையது: பொழுது போகவில்லை. என்னுடையது: எங்கோ ஒரு கோட்டை இருக்கிறது, இந்த மனிதர் அதற்கு அடி போடுகிறார்.

உண்மை வேறு. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் உங்களைக் காக்கவைப்பதில் எனக்கு லாபம் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாமுவேல் பட்டர்வொர்த், அங்கிளின் எள்ளுத்தாத்தா. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் தங்கி வளர்ந்தவர். அவருக்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, வெள்ளைக்காரப் பெயர் மட்டும் இருந்தது. ஊர் வாய் அதைச் சும்மா விடுமா? யாரோ ஒரு வெள்ளைக்காரன் கெடுத்துவிட்டுப் போன பெண்ணின் பிள்ளை என்று கல்யாண வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அங்கிளின் தாத்தா கப்பலேறி இங்கே குமாஸ்தா வேலைக்கு வந்தபோது அந்தப் பேச்சும் கூடவே ஏறி வந்தது.

கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் சார்ஜன்ட் பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டு, அங்கிளிடம் “உன் எஸ்/ஓ எங்கே?” என்று கேட்டாராம். இங்கே நிறையத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே அப்படி ஒன்று இருக்கும். ஆணுக்கு எஸ்/ஓ, இன்னாரின் மகன். பெண்ணுக்கு டி/ஓ, இன்னாரின் மகள். என் அட்டையில் ‘சிவானி டி/ஓ மருதப்பன்’. அங்கிளுடையதில் அப்படி எதுவும் கிடையாது. படை முழுக்கச் சிரித்தது.

முப்பது வயதில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் மாமா பெயரைக் கேட்டார், ஒரு வாரம் யோசித்தார், வேண்டாம் என்றார். “அதுக்கப்புறம் எதுவும் செட் ஆகல” என்று அங்கிள் சொல்வார். அதற்குமேல் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.

அதே கேள்வி இப்போது அவருடைய தங்கை மகள் பிரசாந்திக்கு வந்திருந்தது. தங்கையும் பட்டர்வொர்த்தாகப் பிறந்தவள்தானே. பிரசாந்தி கட்டிக்கொள்ளப்போகிற சுலக்ஷனை வளர்த்தது அவனுடைய பெரியம்மா பூரணம், முன்னாள் ஆசிரியை. “தாய் வழிப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மோதிரம் மாற்றுகிற அன்று நான் வருவேன்” என்று சொல்லிவிட்டார். பெரியம்மா இல்லாமல் மோதிரம் போட அவனுக்கு மனம் வராது. வராவிட்டால் போகட்டும் என்றாள் பிரசாந்தி. அங்கிளுக்கு அப்படி விட முடியவில்லை. தன்னோடு முடிந்தது என்று நினைத்த கேள்வி அந்தப் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாது. மாதக் கடைசிக்குள் விடை வேண்டும். அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமைகள்.

இது எதுவும் தெரியாமல் நான் என் வேலையைக் காட்டினேன்.

இணையத்தில் ஒரு காலி ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கம் கிடைத்தது. அச்சடித்து, பாலும் சர்க்கரையும் போடாத தேநீரில், தே-ஓவில், நனைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன். மைப்பேனாவில் கோழிக் கையெழுத்து பழகினேன். ஐ.டி.இ.யில் இப்படி உழைத்திருந்தால் இன்று எங்கேயோ இருப்பேன். வருஷம் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. ‘சாமுவேல் எஸ்/ஓ கேப்டன் பட்டர்வொர்த். வசிப்பிடம்: கோட்டை. தற்சமயம் சிலோனில்.’ அம்மாவின் பெயருக்கு இருந்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு கோடு போட்டேன். அதை ஸ்கேன் செய்து, அந்தச் சனிக்கிழமை அவருடைய தாள்களுக்கு நடுவே செருகிவிட்டேன். அவர் கோட்டைக்குச் சொந்தக்காரராக நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஞாயிறு போனது, திங்கள் போனது. லிஃப்டில் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் இரண்டு மாடி தூரம் பார்த்துக்கொண்டு வந்தார். கண்டுபிடித்துவிட்டாரா, அல்லது கோட்டையைத் தனியாக அமுக்கப் பார்க்கிறாரா?

புதன்கிழமை மதியம் கதவைத் தட்டினார். கையில் கறிபஃப் இல்லை.

“சிவானி, உன் ஐ.சி.யைக் கொஞ்சம் கொண்டு வா.”

அடையாள அட்டையைக் கொண்டுவந்தேன். அதை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் என் தே-ஓ பக்கத்தை வைத்தார்.

“இது என்ன?”

“டி/ஓ.”

“இது?”

“எஸ்/ஓ.”

“ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தெட்டுல இங்கிலாந்துப் பாதிரியாருக்கு யாரு சிங்கப்பூர் ஐ.சி. குடுத்தது?”

அரசாங்கத் தாள் என்றாலே பெயருக்குப் பின்னால் அது வரவேண்டும் என்று என் கை தானாக எழுதியிருக்கிறது.

“அந்தக் காலத்துப் படிவத்துல அப்பா அம்மாவுக்குத் தனிக் கட்டம் இருக்கு. எஸ்/ஓ போடவே தேவையில்ல. எத்தனை பக்கம் அச்சடிச்ச, ஒண்ணைக்கூடப் படிக்கலையா?”

“சாரி அங்கிள். சும்மா விளையாட்டுக்கு.”

“தெரியும். ஈப்போவும் நீதான்.” பிறகு குரல் மாறியது. “நான் பாக்கறதுக்கு முன்னாடி பிரசாந்தி பாத்துட்டா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவ, மேசையில இருந்ததை போட்டோ எடுத்து, ‘இந்தா விடை’ன்னு சுலக்ஷனுக்கு அனுப்பிட்டா. அவன் பெரியம்மாகிட்ட காட்டிட்டான்.”

அப்போதுதான் மேலே நான் உங்களுக்குச் சொன்ன கதை முழுவதையும் எனக்குச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். உட்காருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

“அம்மா பேருக்கு ஏன் கோடு போட்ட?”

“பேரு யோசிக்க சோம்பேறித்தனம், அங்கிள்.”

“எங்க அம்மா சாகற வரைக்கும் பேரு இல்லாத அந்தக் கோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

நான் வேடிக்கைக்கு எழுதியது கோட்டை. சுலக்ஷன் வீட்டார் பார்த்தது அதே தாளில் நான் போட்ட கோட்டை. கேப்டன் உண்டு, தாய்க்குப் பெயர் இல்லை. நூற்றைம்பது வருஷமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் ஒரே மதியத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

அங்கிள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “கொடுமை என்னன்னா, நிஜமான விடை இன்னைக்குக் காலையில வந்துடுச்சு.”

இரண்டு மாதத்துக்கு முன்பு ரோச்டேல் பக்கத்து ஒரு சின்னத் தேவாலயத்துக்கு எழுதியிருந்தாராம். அங்கே பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு தொண்டூழியர் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். முதலாவது அடக்கப் பதிவேடு: சாமுவேல் பட்டர்வொர்த், வயது ஒன்பது. இரண்டாவது கணக்கெடுப்பு: ஹன்னா பட்டர்வொர்த், மணமாகாதவர், முப்பத்தேழு வயது, பஞ்சாலையில் நூல் சுற்றுகிறவர். மூன்றாவது அந்தத் தேவாலயத்து ஞாயிறு பள்ளியின் மிஷன் காணிக்கைப் புத்தகம். அதில் ஒரு வரி: ‘ஹன்னா பட்டர்வொர்த், யாழ்ப்பாணப் பள்ளியில் ஒரு பையனுக்காக. அவனுக்கு அவளுடைய இறந்துபோன தம்பியின் பெயரான சாமுவேல் பட்டர்வொர்த் என்ற பெயர் வைக்க வேண்டும்.’

நான் இரண்டு தடவை படித்தேன். அங்கிளே விளக்கினார். படிப்புச் செலவுக்கு அங்கிருந்து யார் கொடுக்கிறார்களோ, அவர்கள் கேட்கிற பெயரை யாழ்ப்பாணத்தில் பையனுக்கு வைத்திருக்கிறார்கள். கேப்டனும் இல்லை, கெடுத்தவனும் இல்லை. யாரோ ஒரு தமிழ்ப் பையன், பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். பள்ளி ஏட்டில் அவர்கள் பெயர் விழவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப இதை அந்தப் பெரியம்மாவுக்கு அனுப்புங்க!”

“மூணு நாளைக்கு முன்னாடி ஒரு தாள், இன்னைக்கு நேர்மாறா இன்னொரு தாள். நீயா இருந்தா நம்புவியா?”

நம்பமாட்டேன். நான்தான் யாரையும் நம்புவதில்லையே.

“நான் வந்து சொல்றேன் அங்கிள்.”

“நீ சொல்றதை யாரு நம்புவா?”

“உண்மை சொன்னா நம்பமாட்டாங்க. பொய் சொன்னேன்னு சொன்னா கண்டிப்பா நம்புவாங்க.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கிள் எனக்காகத் தேக்காவில் காத்திருந்தார். சுலக்ஷன் வீடு சந்தைக்குப் பக்கத்து புளோக்கில் பதினோராவது மாடி. கீழே இருந்து மீன் வாடையும் மல்லிகை வாடையும் ஒன்றாக லிஃப்டுக்குள் ஏறின. சுலக்ஷன் கதவைத் திறந்தான். பிரசாந்தி வரவில்லை, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பூரணம் ஆன்ட்டி கூடத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் ஆசிரியப் பார்வை. அந்தப் பார்வையிடமிருந்து தப்பிக்கத்தான் நான் ஐ.டி.இ.யை விட்டதே.

“ஜெயரத்தினம், இந்தப் பிள்ளை ஆர்?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

“அந்தக் கேப்டன் பக்கம் பொய், ஆன்ட்டி” என்றேன். “நான் எழுதினது. தே-ஓவில முக்கினது.”

அவர் முகம் அசையவில்லை. சுலக்ஷனைப் பார்த்து, பேனாவும் தாளும் கொண்டுவரச் சொன்னார். “எங்கே, எழுதும் பாப்பம்.”

எழுதினேன். அதே கோழிக் கிறுக்கல், அதே கேப்டன், அதே எஸ்/ஓ. அவர் போனில் இருந்த படத்தையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சுலக்ஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தான்.

“எஸ்/ஓ” என்றார் ஆன்ட்டி. “இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டனான்?”

“உங்க கண்ணு கோட்டுக்குப் போயிருக்கும்” என்றார் அங்கிள் மெதுவாக.

ஆன்ட்டி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அங்கிள் அச்சடித்த மூன்று தாள்களையும் அவர் முன்னால் வைத்தார். நேரம் எடுத்துப் படித்தார். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது.

“இதையும் நீர்தானே எழுதினீர்?”

அங்கிள் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“ஆன்ட்டி, எனக்கு எழுதக் குடுத்தா கேப்டன்னுதான் எழுதுவேன். கோட்டைன்னு எழுதுவேன். ஃபேக்டரியில நூல் சுத்துற ஒரு பொம்பளை, கல்யாணம் ஆகாதவ, செத்துப்போன தம்பி பேரை முன்னப்பின்ன தெரியாத ஒரு பையனுக்கு வைக்கச் சொன்னான்னு எனக்கு எப்படித் தோணும்? எனக்கு அந்த அளவுக்கு மூளை கிடையாது. என் டீச்சருங்க யாரை வேணா கேளுங்க.”

கீழே யாரோ கறிவேப்பிலை விலை கூவியது பதினோராவது மாடிவரை கேட்டது. ஜெயரத்தினம் அங்கிள் ஹன்னாவின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணமாகாதவர் என்று எழுதியிருந்த கட்டத்தின்மேல் அவருடைய பெருவிரல் இருந்தது.

“அந்தப் பொம்பிளை தனியாத்தான் இருந்தவவோ?” என்று கேட்டார் ஆன்ட்டி.

“பத்து வருஷம் கழிச்சு எடுத்த கணக்குலயும் தனியாத்தான் இருக்கா” என்றார் அங்கிள். “நான் தேடிப் பாத்தேன்.”

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். “பிரசாந்திக்குச் சொல்லும். மோதிரம் மாத்துற அண்டைக்கு நான் வாறன்.”

சுலக்ஷன் அந்த நிமிஷமே போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் ஓடினான். முடிந்தது என்று நான் எழுந்தேன். ஆன்ட்டி எழவில்லை. காணிக்கைப் புத்தகத் தாள் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இந்தப் புத்தகத்தில அடுத்த பக்கம் இருக்குதோ?”

“இருக்கும். நான் கேக்கல. ஏன்?”

“சும்மாதான்.” தாளை மேசையில் வைத்தார். மறுபடியும் எடுத்தார். “என்ர அம்மாவின்ர ஆக்கள் ஆஷ்வொர்த் எண்டு பேர் வச்சிருந்தவை. என்ர சின்ன வயசிலயே விட்டிட்டினம். ஏன் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.”

அங்கிள் அதிர்ச்சி அடைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை மாதம் அவரை வதைத்த கேள்வி எந்தப் பயத்திலிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்கும். நானாக இருந்தால் குத்திக்காட்டியிருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் கேப்டன் தாளின் பின்பக்கத்தில் ‘ஆஷ்வொர்த்’ என்று எழுதினார். பக்கத்தில் எஸ்.டி.சி. என்று போட்டார்.

“என்ன அது?” என்றார் ஆன்ட்டி சந்தேகத்தோடு.

“இன்னும் திறந்து பாக்கலன்னு அர்த்தம்.”

“திறந்து பாரும்” என்றார் ஆன்ட்டி.

திரும்பும் ரயிலில் புகிட் பாஞ்சாங் தாண்டியதும் அங்கிள் சாமுவேலின் தாளை எடுத்து, ஓரத்தில் இருந்த மூன்று எழுத்தை ரப்பரால் அழித்தார். துகளை உள்ளங்கையில் சேர்த்து, கீழே கொட்டாமல், கைக்குட்டைக்குள் மடித்துக்கொண்டார். மனிதர் அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை கறிபஃப் வந்தது. வழக்கத்தைவிட இரண்டு அதிகம். நான் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அன்று மாலை தபால் எடுக்கக் கீழே போனேன். எங்கள் பெட்டியில் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள். அச்செழுத்து, நேரான வரி, முப்பத்தொரு வருஷம் சரக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டும் வருகிற நேர்த்தி.

‘சிவானி டி/ஓ மருதப்பன். உள்ளே இருப்பது: நல்ல பிள்ளை. எஸ்.டி.சி.’

நானும் அதைக் கிழிக்கவில்லை.